‘ஆத்தாடி’ சொல்லக்கூடாத செட்

மருந்து வாசனை... கந்தகமும் மெழுகும் கலந்து மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைக்குக் குளித்தாலும் போகாது. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் எங்களை இடைசெவல் விலக்கில் இறக்கிவிட்டால், நாங்கள் வீடு சேரும் முன்னே அந்த வாசனை போய்ச் சேர்ந்திருக்கும்.

நேற்று நம் குரூப்பில் ஒருத்தர் கேட்டிருந்தார், ‘ஆத்தாடி’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. ஆளாளுக்கு விளக்கம் வேறு. ஆத்தாவைக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதானே! ஆச்சரியம் வந்தாலும் பயம் வந்தாலும் நம் வாயில் முதலில் வருவது பெத்தவள்தான். நான் அந்தச் சொல்லை ஸ்கிரீனில் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நானும் என் அக்கா கோமதியும் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தோம். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஓட்டுக்கூரை போட்ட நீளமான செட், தரையில் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு தட்டு நிறைய, நுனியை மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி. அதை அள்ளிப் பெட்டியில் அடைக்க வேண்டும். ஒரு குச்சி தப்பாக உரசினால் போதும்... முடிந்தது.

சேர்ந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளை அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

“இங்கன ஆத்தாடின்னா தீன்னு அர்த்தம் தாயி. வேற எதுக்கும் அந்த வார்த்தயச் சொல்லப்பிடாது.”

முன்னே யாரோ ஒருத்தி சினிமாக் கதை கேட்டு ‘ஆத்தாடி’ என்று சொல்லப்போய், செட்டே எழுந்து ஓடியிருக்கிறது. அதிலிருந்து அப்படி. யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்ற சேதி வந்தாலும் கண்ணை மட்டும்தான் விரிக்கலாம். நாக்கு நுனிக்கு வந்த சொல்லை விழுங்குவது இருக்கிறதே... தும்மலைக்கூட அடக்கிவிடலாம்.

நான் அப்போது அஞ்சல்வழியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பழைய இலக்கணத்தில் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்துக்கே வியப்பு என்று பொருள் உண்டு என்று படித்துவிட்டு வந்து சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக இது செட்டுக்குப் பிடித்துப்போயிற்று. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட மிட்டாயைக் கண்ட பிள்ளைகள் மாதிரி ‘ஐ’ சொல்ல ஆரம்பித்தார்கள்.

பஸ்ஸில் அக்காவுக்கும் பாடம் நடக்கும். மனசில் உள்ளது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு, அது மொத்தம் எட்டு, அதில் வியப்புக்கு மருட்கை என்று பெயர், அதற்கு அடுத்தாற்போல் நிற்பது அச்சம் என்று சொன்னேன்.

“பக்கத்துப் பக்கத்து வீடா, ஏட்டி? அப்ப ஒண்ணு பிடிச்சா மத்ததும் பிடிச்சிரும்லா” என்றாள். அவளுக்கு எதை எடுத்தாலும் தீதான்.

அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. வீட்டில் இரு என்றால், சும்மா இருந்தால் நினைப்பே தன்னைத் தின்றுவிடும் என்பாள். குழந்தை இந்நேரம் அசைய ஆரம்பிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அசையவில்லை. தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். பஸ் வந்துவிடும். வழியெல்லாம் கரிசல் காட்டை வெறித்துக்கொண்டு வருவாள்.

தீ பிடித்தால் அவளால் ஓட முடியுமா? அண்ணாச்சியிடம் கெஞ்சி, அவளுக்கு வாசலோரம் இடம் கேட்டு வாங்கினேன். மகராசி மாட்டேன் என்றுவிட்டாள்.

“வாசல்ல இருந்தா அம்புட்டுப் பேரும் என் வயித்த மிதிச்சிட்டுத்தான் ஓடுவாவ.”

செட்டின் கடைசியில், சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான். எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவருக்கும் வாசலுக்கும் நடுவே உயிர் போய்ப் போய் வந்தது.

ஒரு நாள் மத்தியானம், வெளியே தொட்டியடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்தது.

“ஆத்தாடி...”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அது அக்கா குரல்.

தட்டுகள் உருளும் சத்தம். பெண்கள் முண்டியடித்து வெளியே வந்தார்கள். வாசலோரம் இருந்த மாரித்தாய் விழுந்தாள், அவள் கையை மிதித்துக்கொண்டே வந்தார்கள். எல்லாரும் வந்தாகிவிட்டது. அக்கா வரவில்லை. புகையும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அண்ணாச்சி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு அவர் பின்னால் போனேன். தரையெல்லாம் குச்சி. செருப்பில்லாத காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.

அக்கா அதே இடத்தில்தான் இருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல்.

“ஏட்டி... அசையுது.”

அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஐன்னு சொல்லியிருக்கலாம்லா தாயி” என்றார்.

“வரலியே அண்ணாச்சி” என்றாள் அக்கா.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. மாரித்தாய்க்கு மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. வளைகாப்புக்குக் கட்டுப்போட்ட கையோடுதான் வந்து வளையல் போட்டாள்.

அன்றைக்கு அசைந்தவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தொட்டதெல்லாம் ஆத்தாடி. தக்காளி விலைக்கு ஆத்தாடி, ஆபீஸ் கேன்டீன் சாம்பாருக்கு ஆத்தாடி. அவள் ஆபீஸில் நிஜமாகவே மேசை, நாற்காலி, ஏசி எல்லாம் உண்டு. எந்தச் சொல்லையும் அங்கே விழுங்க வேண்டியதில்லை. அப்படியே இருக்கட்டும், சாமி.

போன வாரம் ஊருக்கு வந்திருந்தாள். நானும் அக்காவும் அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தோம். ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டே என்னத்துக்கோ, “ஆத்தாடி!” என்றாள்.

நான் சட்டென்று வாசலைப் பார்த்தேன். திரும்பினால், அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.