நொறுங்கத் தின்ன வழியில்லை

இனிப்பு நீர் நோய் வந்த நாளிலிருந்து அரசாங்க கிளினிக்கில் என் உடம்பில் பார்க்காத இடமில்லை. பாதத்தைப் பார்த்தார்கள், விரலிடுக்கைப் பார்த்தார்கள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னார்கள். வாயைத் திற என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. வாய்க்குள் என்ன போகிறது என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. காலையில் என்ன பசியாறினீங்க, மத்தியானம் எத்தனை கரண்டி சோறு, கோப்பியில் சீனியா, டின் பாலா. தாமான் குடியிருப்பு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகாவாவது வெளியே வருகிறவரையும் ஒரு பார்வை பார்ப்பார். இவர்கள் உள்ளே போவதை மட்டும்தான் விசாரிப்பார்கள்.

நான் ஸ்கூடாயில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. விடியும் முன்பே வீடு வீடாகப் போய் ஹாரன் அடித்து, பாதித் தூக்கத்தில் வருகிற பிள்ளைகளை ஏற்றி, தமிழ்ப் பள்ளியில் இறக்கி, மத்தியானம் திரும்ப ஏற்ற வேண்டும். நெரிசலில் உட்கார்ந்திருப்பதுதான் பாதி வேலை. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே இந்த நோய் வந்தது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நான் மறுத்துப் பேசவில்லை.

சொன்னதையெல்லாம் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனிப்பு நீர்க்காரர்கள் என்றாலே வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. கோப்பியில் சீனியை விட்டேன். ரொட்டி சானாயை விட்டேன். காலை வேன் ஓட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று இன்னொரு வேன்காரிக்குத்தான் தெரியும். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, தாமான் திடலைச் சுற்றி வேர்க்க வேர்க்க நடந்தேன். பிரவுன் அரிசி, பச்சைக் காய், கடலை, ஆப்பிள் என்று கடித்து மென்று தின்றேன். ரத்தத்தில் சீனியும் இறங்கியது. கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் நம்மவள்தான், சின்ன வயது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நொறுங்கத் தின்றால் நூறு வயசு, ஆண்டி" என்று பழமொழி சொல்லி மெச்சுவாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு வலது பக்கக் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம். கொஞ்ச நாளில் இடது பக்கமும் ஒன்று பாதியாக உடைந்தது. காற்றுப் பட்டாலே மண்டைவரைக்கும் இழுக்கும். இந்தப் பக்கம் மென்றால் இந்தப் பல், அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பல். ஆப்பிள் கிடக்கட்டும், வெள்ளரிக்காயைக்கூடக் கடிக்க முடியவில்லை. பிரவுன் அரிசி வாயில் மணலாக உருண்டது. மனுஷி என்னதான் செய்வாள்? கஞ்சி குடித்தேன். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றேன். மீஹூன் சேமியா சூப், குழைந்த சோற்றில் ரசம். மெல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறதெல்லாம் சீனியை ஏற்றுகிற சாப்பாடு. அது எனக்கும் தெரியும். ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறதே.

ஏறிவிட்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆண்டி, உண்மையச் சொல்லுங்க. என்ன மறைச்சு சாப்பிடுறீங்க?"

"ஒன்னும் மறைக்கலம்மா. கஞ்சிதான். ரெண்டு பக்கமும் பல்லு வலிக்குது, மெல்ல முடியல."

"கஞ்சி கூடாது ஆண்டி. சீனி சர்ருனு ஏறிடும். நல்லா மென்னு சாப்பிடணும். காய்கறி, கச்சாங் கடலை மாதிரி."

"மெல்லத்தான் முடியலன்னு சொல்றேனே."

"அப்ப பல் டாக்டரப் பாருங்க. மாடியில இருக்காங்க. அது வேற பிரிவு."

சொல்லிவிட்டு, தட்டில் பாதிக்குக் காய்கறி வரைந்திருக்கும் தாளை மறுபடியும் என் கையில் கொடுத்தாள். அந்தத் தாள் என் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தது. அதில் வரைந்திருந்த கேரட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று டாக்டரும் சும்மா விடவில்லை. அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் ஊசிதான் என்றார். ஊசிக்குப் பயந்தவள் இல்லை நான். வேனுக்குத்தான் பயந்தேன். எங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். இன்சுலின் போட ஆரம்பித்தால் அந்தக் கையெழுத்து லேசில் கிடைக்காது என்று வேன்காரர்கள் மத்தியில் பேச்சு. உண்மையோ பொய்யோ, சோதித்துப் பார்க்க எனக்கு வேறு பிழைப்பு இல்லை. பல்லைப் பிடுங்கினால் மெல்லலாம், மென்றால் சீனி இறங்கும், இறங்கினால் வேன் என் கையில் இருக்கும். என் பிழைப்பு கடைசியில் இரண்டு சொத்தைப் பல்லில் வந்து நின்றது.

பல் டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆனது. அதுவும் காலையில். கிளினிக் திறக்கிற நேரமும் என் பிள்ளைகளின் நேரமும் எப்போதும் மோதிக்கொள்ளும். இன்னொரு வேன்காரரைக் கெஞ்சி, பிள்ளைகளை அவர் வேனில் திணித்துவிட்டுப் போனேன். பல் டாக்டர் மலாய்க்காரப் பெண், பொறுமையானவர். நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் என்னை வாயைத் திறக்கச் சொன்ன முதல் ஆள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். உடனே நர்ஸ் மிஸ்ஸி வந்து விரலைக் குத்திப் பார்த்தாள். டாக்டரின் முகம் மாறியது.

"சீனி இவ்வளவு இருந்தால் பிடுங்க முடியாது, ஆண்டி. புண் ஆறாது, கிருமி பிடிக்கும். முதலில் சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று மலாயில் சொன்னார்.

இந்தப் பல் இருக்கும்வரை சீனி குறையாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அதைக் கீழே சொல்லுங்கள் என்றார். கீழே போனால், பல்லைப் பற்றி மேலே சொல்லுங்கள் என்றார்கள். ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளுங்களேன், நடுவில் ஒரு மாடிப்படிதானே இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த பையன் சிரித்தான். நான் சிரிக்கச் சொல்லவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்; மத்தளம் படியேறி இறங்க வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் பல் டாக்டர் சொன்னதும் தப்பில்லை, கீழே அந்தப் பெண் சொன்னதும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. காசு போனால் போகட்டும் என்று கடைவரிசையில் இருந்த தனியார் பல் கிளினிக்குக்கும் போனேன். அங்கேயும் விரலைக் குத்தினார்கள், அங்கேயும் அதே பதில்தான்.

ஊரில் ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், பாகற்காய்ச் சாறு, பல்லுக்குக் கிராம்பு. ஒரு கல்யாணத்தில் நான் குழைந்த சோற்றை ரசம் விட்டுப் பிசைவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து இலையில் இருந்த அம்மா, "இனிப்பு நீர வெச்சிக்கிட்டு இவ்ளோ சோறா? கோஸ் பொரியல் தொடவே இல்லையே" என்றார். "உங்க பல்லக் கொஞ்சம் கடனாக் குடுங்க, சாப்பிடுறேன்" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பள்ளி விடுமுறை வந்தது. விடுமுறைக்குள்ளேயே பல் டாக்டரின் அடுத்த தேதியும் விழுந்தது. வேனில் பிள்ளைகள் இல்லாத நாட்கள்தானே என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சாப்பாட்டை நிறுத்தினேன். தண்ணீரும் வெறும் கோப்பியும் மட்டும். மாத்திரையை விடாமல் போட்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் விளங்கியது. தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் நின்றவளுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பிடித்து உட்காரவைத்து, சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினார்.

"பல்லுக்காக உசிர விடுவியா நீ?" என்று கத்தினார்.

"வேனுக்காக" என்றேன்.

காலையில் வெறும் வயிற்றோடு அவரே காரில் கூட்டிப் போனார். விரலைக் குத்தினார்கள். இறங்கியிருந்தது. பல் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மரத்துப்போக ஊசி போட்டு வலது பக்கத்தை எடுத்தார். புண் ஆறியதும் இடது பக்கத்துக்கு வரச் சொன்னார். "பாகுஸ், ஆண்டி. இதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மெச்சினார். என் வாயில் பஞ்சு இருந்தது. இல்லாவிட்டால் எதையாவது சொல்லியிருப்பேன்.

வலது பக்கம் மெல்ல முடிந்ததில் சீனி கொஞ்சம் குறைந்து, இடது பல்லையும் எடுத்தார்கள். இரண்டும் போன பிறகு நன்றாக மெல்ல முடிந்தது. கடலை மென்றேன், கோஸ் மென்றேன், பிரவுன் அரிசியை மாடு மாதிரி அசைபோட்டேன். சில மாதத்தில் சீனி இறங்கி, ஊசிப் பேச்சே நின்றது. லைசென்ஸுக்கும் கையெழுத்து கிடைத்தது. என் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அந்தப் பெண் விடவில்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கிளினிக்கில் ஒரு கூட்டம் போடுவார்கள். அதில் நான் பேச வேண்டுமாம்.

"எப்படிப் பழக்கத்த மாத்துனீங்கன்னு சொல்லுங்க ஆண்டி. எல்லாருக்கும் ஒரு தெம்பா இருக்கும்."

"நான் பழக்கத்த மாத்தலம்மா. பல்ல எடுத்தேன்."

"அதையும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பல் ஆடியது, கஞ்சி குடித்தது, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அலைந்தது, பட்டினி கிடந்தது, கண் இருட்டியது, ஒன்றையும் விடவில்லை. கோபத்தோடுதான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நான் கோபப்பட்டால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வருவது என் தலையெழுத்து. "ஆண்டி எப்பவும் தமாஷாத்தான் பேசுவாங்க. ஆனா பாருங்க, மன உறுதி இருந்தா எல்லாராலயும் முடியும்" என்று அந்தப் பெண் முடித்துவைத்தாள். கைதட்டினார்கள். சீனி போடாத பிஸ்கட் டின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வேன் கதவைத் திறக்கும்போது பின்னால் ஒருவர் வந்து நின்றார். என்னைவிட மூத்தவர், காவல் வேலை உடுப்பில் இருந்தார். கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே ஈறெல்லாம் சிவந்து கிடந்தது.

"மேல போனா கீழ போங்கிறாங்க, தங்கச்சி" என்றார். "கஞ்சியும் தேத்தண்ணியுந்தான் எறங்குது. சீனி ஏறிக்கிட்டே போவுது."

நான் வேன் கதவைச் சாத்தினேன். "நான் செஞ்சத நீங்க செஞ்சிறாதீங்கண்ணே. அன்னைக்கு வீட்டுல ஆளு இல்லன்னா நான் போயிருப்பேன். வாங்க, உள்ள போயி கேப்போம். நான் பேசுறேன்."

"கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சும்மா." அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "கண்ணு இருட்டுனா இருட்டட்டும். எத்தனை நாளு சாப்பிடாம இருக்கணும், அத மட்டும் சொல்லு."