கிளாஸ்கோவில் நஞ்சை

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே புல்லைக் கழுவுகிற மனிதர்களைக் கிளாஸ்கோவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷுமாக இறங்கி, முன்வாசல் புல்லைத் தேய்ப்பார். பூனை அசிங்கம் செய்துவிட்டிருக்கும். அது பிளாஸ்டிக் புல். போட்டவன் நான்தான். ஓயாத மழையில் இங்கே நிஜப் புல் சேறாகிவிடுகிறது. வசதி உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் புல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாடாத புல்லை விரித்துக்கொள்கிறார்கள். 2009இல் அந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால், அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். அதற்கு முன் சிதம்பரத்தில் ஒரு மோட்டார் பம்பு கடையில் இருந்தேன். ஊருக்குப் பேசும்போது கார்டனிங் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன். எஸ்தரின் தம்பி ஒருநாள் விவரத்தைக் கறந்துவிட்டான்.

"ஏன் மாமா, நல்லா இருக்கிற புல்ல புடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் புல்லப் போடணும்னா, அதுக்கு அந்த ஊர்ல ஆளே இல்லியா?"

இல்லை, அதனால்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

முதலாளி கெவின் அதிகம் பேசமாட்டான். புல்லை வெட்டியெடு, ஜல்லி போடு, மணல் போடு, துணி விரி, மேலே பிளாஸ்டிக் புல்லை உருட்டு. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: தரை வடிகால் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். அடுத்த வசந்தத்தில் முதன்முறையாக ஒரு தோட்டத்தை என்னிடம் தனியாகக் கொடுத்துவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போனான்.

அது மார்கரெட் என்ற வயதான அம்மாவின் வீடு. அவர் கணவர் டாமுக்குப் பக்கவாதம் வந்து, சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். குளிர்காலத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தவர் அதன்பின் வெளியே இறங்கவே இல்லை. ஈஸ்டருக்கு வரும் மகன், அப்பாவால் தோட்டத்தில்கூட நடக்க முடியவில்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு இருவரையும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான். மார்கரெட் இதையெல்லாம் டீ ஊற்றிக்கொண்டே வானிலை அறிக்கைபோலச் சொன்னார். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். மேடு பள்ளம் கூடாது; கொஞ்சம் சரிந்தாலும் டாமின் வண்டி உருண்டுவிடும்.

இதைக் கேட்டதும் கெவின் சொன்ன சரிவு எனக்கு மறந்துபோனது. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பாவோடு பரம்படித்தவன் நான். உழுத சேற்றில் பலகையை இழுத்துச் சமன்செய்து, தண்ணீர் விட்டால் நாலு மூலையிலும் ஒரே அளவு நிற்க வேண்டும். ஒரு மூலையில் மேடு தெரிந்தாலும் அப்பா வரப்பில் நின்றபடி அந்த மேட்டைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார்.

மார்கரெட்டின் தோட்டத்து மண்ணும் களிதான். வேலை செய்த நாளெல்லாம் தூறல். ஈரக் களியை மிதித்து, பலகை போட்டு இழுத்து, மனசு திருப்தியாகும்வரை சமன்செய்தேன். நாலு பக்கமும் மரப்பலகை அடித்து, அதன் ஓரமெல்லாம் களிமண்ணை அணைத்து மெழுகினேன். ஊரில் வரப்பை நண்டு துளைத்துத் தண்ணீர் ஒழுகாமலிருக்க அப்படித்தான் மெழுகுவோம். கிளாஸ்கோவில் நண்டு வளை போடாது என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பிறகு ஜல்லி, மணல், புல் எல்லாம் முறைப்படி ஏறின. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

அடுத்த வாரம் மழை விடவே இல்லை. மார்கரெட் போன் செய்தார். கெவினும் நானும் போய்ப் பின்கதவைத் திறந்தோம். தோட்டம் முழுக்கத் தண்ணீர். புல்லின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன, நடவு முடிந்த வயல்போல. எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, பெருமை. நாலு மூலையையும் பார்த்தேன். ஒரே அளவு. நடுவில் இரண்டு வாத்துகள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் டாம் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெவின் குனிந்து விரலை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தான். பிறகு, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டான். திட்டுகிறானா, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஈஸ்டருக்காக மகன் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மட்டமா நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா."

"அப்ப வேல சுத்தம்தான். என்னா ரகம் நட்ட?"

"பிளாஸ்டிக்குப்பா."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, போன் காசு ஜாஸ்தி ஆகும் என்று வைத்துவிட்டார்.

மறுநாளே கெவினும் நானும் எல்லாவற்றையும் பெயர்த்தோம். நான் மெழுகிய களியைக் கடப்பாரையால் உடைத்தோம். கெவின் ஒரு நூல் கட்டி, வடிகால் பக்கம் நடைவண்டி உருளாத அளவுக்குச் சரிவு கொடுத்தான். என் கை அதற்கு ஒத்துழைக்கவில்லை. நான் சமன்செய்ய, அவன் சரிக்க, இப்படியே வெள்ளிக்கிழமை ஆனது. அந்த அம்மாவின் வீட்டை நானே விற்றுவிடுவேனோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமையும் மழைதான். மகன் கதவருகே குடையோடு நின்றான். டாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக இறங்கினார். வண்டி உருளவில்லை. கால் நனையவில்லை. கடைசி வேலிவரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார். மார்கரெட் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் குடையை மடக்கி, அம்மாவிடம் டீ கேட்டான். வீட்டு விஷயத்தை அவன் எடுக்கவே இல்லை. டாம் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"வாத்துகள் எங்கே?" என்றார்.

மார்கரெட் கெவினைப் பார்த்தார். கெவின் என்னைக் காட்டி, தண்ணீரை நிறுத்துகிற வித்தை தனக்குத் தெரியாது, இவனைத்தான் கேட்க வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். வேலி ஓரம், டாமின் வழியில் படாத இடத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லைச் சுருட்டி, மணலையும் ஜல்லியையும் அள்ளிவிட்டு, அடியிலிருந்த களியை மிதித்தேன். பலகை இழுத்தேன். ஓரத்தை அணைத்து மெழுகினேன். அந்தத் துண்டுக்கும் மற்ற தோட்டத்துக்கும் நடுவே ஒரு மரப்பலகை. சாயங்காலத்துக்குள் மழை அதை நிரப்பிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, மறுபக்கம் நின்றுகொண்டிருந்தது. வாத்துகள் வருமா என்று பலகைமேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம். ஊரில் குத்தகைக்கு விட்ட நிலத்தில் தண்ணீர் ஏறவில்லையாம், மட்டம் சரியில்லையாம், அதைச் சொல்லத்தான்.

சொல்லி முடித்துவிட்டு, "நீ எங்கடா இருக்க இப்ப?" என்று கேட்டார்.

"வரப்புலப்பா" என்றேன்.