ஆறடிக் கடலும் ஒரு பொட்டலம் உப்பும்

மீன்தொட்டி வைத்துக் கொடுக்கிற தொழிலில், மீன் பிழைத்தால் அது மீனின் சாமர்த்தியம்; செத்தால் நம்ம தப்பு. தொட்டி வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கத் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கடல் மீன் வளர்க்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இலையா, மீனா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டர், நோயாளிகள் உட்காரும் ஹாலுக்கு ஆறடித் தொட்டி கேட்டார். உப்புத் தண்ணீர் கலந்து, என் கடையில் ரெண்டு மாதம் பழக்கிய பேட் ஃபிஷ் குஞ்சை விட்டேன். பவளப்பாறை ஓரம் திரிகிற மீன். வளர்ந்தால் தோசைக்கல் மாதிரி வட்டமாக இருக்கும். குஞ்சிலே பழுத்த இலை நிறம். மிரண்டால் உதிர்ந்த இலை போலச் சாய்ந்து மிதக்கும்.

டாக்டர் பார்க்க வந்த நேரம் அது சாய்ந்துவிட்டது. செத்துப்போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார். நான் நறுக்கின இறாலை நீட்டினேன். நிமிர்ந்து வந்து என் விரலிலிருந்தே பிடுங்கியது. அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றதைப் பார்த்திருக்கணும். ஆனால் டாக்டர் லேசில் மயங்குகிற ஆள் இல்லை. "சரிப்பா, இது உசுரோட இருக்கிற வரைக்கும் தொட்டி இருக்கட்டும். செத்துச்சுன்னா அந்த எடத்துல டிவி மாட்டிருவேன்."

ஏறிக்கொண்டே போன உப்பு

ஆறு மாதத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அகலம் ஆனது. பிறகு ஒரு திங்கட்கிழமை மீட்டர் வைத்தால், தண்ணீரில் உப்பு கூடுதல். நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டினேன். அடுத்த திங்கள் அதைவிடக் கூடுதல். மணலில் கறுப்புக் கறுப்பாய் என்னமோ கிடந்தது. ஃபில்டர் கரி உதிருது என்று ஃபில்டரையே மாற்றினேன்.

மூன்றாம் வாரம் மீன் இறாலைத் தொடவில்லை. மூலையில் நின்று மூச்சு வாங்கியது. அது போனால் தொட்டியும் போச்சு, என் பேரும் போச்சு. டாக்டர் எட்டிப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "மீட்டர் சரியில்லையா, இல்ல உனக்குப் பாக்கத் தெரியலையா?"

குமாஸ்தாவின் மனு

கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் இது யார் கைவரிசை என்று பார்க்க நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தேன். கழுத்தில் மருவோடு ஒரு வக்கீல் குமாஸ்தா எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். தொட்டி மூடியைத் தூக்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். உப்பும் மிளகும். மரு உதிரக் கோயில் தெப்பத்தில் போடுவோமே, அதே வேண்டுதல். மணலில் கிடந்தது கரி இல்லை, மிளகு. அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் பொட்டலத்தோடு நின்றார்கள்.

குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, டாக்டர்தான் வைத்தியம் பாக்காருல்ல?" என்றேன். அவர் அசரவில்லை. "மேல்கோர்ட்டுல ஒரு மனு போட்டு வைக்கது தப்பா தம்பி? கடல் மீனுக்கு உப்பு ஆகாதுன்னு யாரு கண்டா?"

தீர்ப்பு

மூடிக்குப் பூட்டுப் போட்டேன். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது; தினமும் பஸ் ஏறிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன். நாலாம் நாள் அது வந்து விரலைக் கவ்வியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதற்கப்புறம் டிவி பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் குமாஸ்தா கால் கிலோ இறாலோடு வந்தார். கழுத்து சுத்தமாக இருந்தது. மருவைச் சுட்டு எடுத்த டாக்டர் பக்கத்திலேதான் நின்றார். குமாஸ்தா தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "டாக்டர் கையைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா தீர்ப்பு மேல்கோர்ட்டுலதான் வந்துச்சு."

மீனைப் பிழைக்க வைத்தவன் நான், மருவை எடுத்தவர் டாக்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பூராவும் பேர் என்னவோ மீனுக்குத்தான்.