பெரியப்பா போட்டுக் கொடுத்த கையெழுத்து

பிராக்ஸி படிவத்தின் மூலையில் ரெவின்யூ ஸ்டாம்பைப் பெரியப்பா நாக்கால் நனைத்துத்தான் ஒட்டுவார். பிறகு ஸ்டாம்பில் பாதியும் தாளில் பாதியுமாகத் தமிழில் கையெழுத்து. கம்பெனியின் வருடாந்தரக் கூட்டத்துக்கு வராத பங்குதாரர், தன் சார்பில் ஓட்டுப் போட இன்னொருவரை நியமிக்கும் தாள் அது. யாரை என்கிற இடம் மட்டும் வருஷா வருஷம் காலியாகவே இருக்கும். கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான்தான் ஈஜிபுராவில் வீடு வீடாகப் போய் அந்தத் தாள்களை வாங்கி வருவேன். காலி இடத்தில் பெயரை எங்கள் அதிகாரி எழுதிக்கொள்வார். எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயரான பெரியப்பாவுக்குப் பங்குகள் கொஞ்சம்தான். ஆனால் அவர் போட்டால் மற்ற பழைய ஆட்களும் போடுவார்கள். "நம்ம பொண்ணு கொண்டாந்திருக்கு, படிக்க என்னா இருக்குது?" என்பார்.

அந்த வருஷம் படிக்க இருந்தது. தொழிற்சாலையை நிலத்தோடு விற்கும் தீர்மானம் கூட்ட நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், அங்கேதான் லேத்தில் வேலை பார்த்தான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வாங்கி வந்தேன். என் வேலை போய்விடுமோ என்ற பயம், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

கூட்டத்தன்று காலை அவரே வந்துவிட்டார். விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சலவைச் சட்டை, பின்னால் இருபது முப்பது பழைய ஆட்கள். மண்டப வாசலில் என் மேஜை முன்னால் நின்று, "ஏம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டமே, இப்ப நாங்களே ஓட்டுப் போட முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். நேரில் வந்து ஓட்டுப் போட்டால் பிராக்ஸி செல்லாது. அந்த விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முடியாது பெரியப்பா."

"சரிம்மா," என்று அவர் திரும்பினார். பின்னால் நின்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள். மதியத்துக்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள். அண்ணன் சந்தாபுராவில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் காபியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேச்சை எடுத்தான்.

"அன்னிக்கு நீங்க நேரா வந்தப்புறம் ஓட்டுப் போட்டிருக்கலாமாம்ப்பா. ஒரு வக்கீல் சொல்றாரு."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்டா அவன்? முடியாதுன்னு சொன்னது நம்ம பொண்ணுடா!" என்று கத்தியவர், என் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா அவனுக்கு."