சம்பந்தியுடன் ஆற்றில் இறங்கியது

என் மகளுக்கு விழுப்புரத்தில் சம்பந்தம் முடிவானபோது எனக்கிருந்த ஒரே கவலை, மாப்பிள்ளையின் அப்பாவிடம் என்ன பேசுவது என்பதுதான். மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. அவரும் என் மகளும் சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தாங்களே பேசி முடித்துக்கொண்டு, கடைசியாகத்தான் எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். என் மனைவியும் சம்பந்தியம்மாவும் நிச்சயதார்த்தத்தன்றே புடவைக் கடை, நகைக் கடை, தைராய்டு மாத்திரை என்று சகலத்தையும் அலசிவிட்டார்கள். மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் திண்டிவனத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்பதால் நான் மரியாதையாகப் பேசுவேன். நான் பெண்ணைக் கொடுக்கிறவன் என்பதால் அவர் அதைவிட மரியாதையாகப் பேசுவார். "சாப்டீங்களா?" "சாப்டேங்க. நீங்க சாப்டீங்களா?" "ஆச்சுங்க." அதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்போம்.

நிச்சயம் முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டில் விருந்து. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோ தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீளமான தூண்டிலை வீசி மீன் பிடிக்கிறான். கரையில் ஒரு கூடாரம், பக்கத்தில் அடுப்பு. சம்பந்தி கண்கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு இதில் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"இது மாதிரி நம்ம தென்பெண்ணையிலயும் போலாமேங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தாராளமா போலாம் சம்மந்தி. உங்களுக்கு இதுல இஷ்டமா?"

"ரொம்பங்க."

"எனக்கும்தாங்க."

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. நீச்சலும் தெரியாது. முள்ளுக்குப் பயந்து மீன் குழம்பில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறவன். அன்று காரில் திரும்பும்போது மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு எப்பங்க வந்துச்சு இந்த ஆசை?"

"அவரு ஆசைப்படறாரு. வேணான்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லாருக்காதுதான்" என்றவள் கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை யோசித்தாள். "ஆனா ஒன்னுங்க. அவரு புடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மீனு புடிச்சிடாதீங்க. மாப்ள வூட்டுக்காரங்க."

மறுநாள் காலையிலேயே சம்பந்தி போன் செய்தார். அதற்கு மறுநாளும் செய்தார். ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் யோசித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. சிக்னல்காரர் அல்லவா? தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், பாம்பு வந்தால் என்ன, மழை வந்தால் எந்த வழியாக மேட்டுக்கு ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எனக்குத் தெரியாத கேள்விக்கெல்லாம் "அத பாத்துக்கலாங்க" என்பேன். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தூண்டில் வீடியோ பார்த்து நானும் தயாரானேன். ஒருநாள் கொஞ்சம் மிஞ்சிப் போய், "தக்கை எந்த சைஸ்ல வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். எதிர்முனையில் இரண்டு முறை இருமினார். "நடுத்தரமா இருக்குதுங்க" என்றார்.

தேதி குறிப்பதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்குத் திங்கள் சிவனுக்கு, வியாழன் பாபாவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. அந்த நாட்களில் வீட்டுக்குள் மீன் வரக் கூடாது. செவ்வாய்க்கிழமை முருகனுக்கென்று என் மனைவி எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை எனக்கு லோடு இறங்கும். ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம் என்றால், பாதி ஞாயிறுகளில் யாருக்காவது கல்யாணம், மீதியில் அமாவாசையோ கிருத்திகையோ வந்து நின்றது. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு அகப்பட்டது. அதற்கும் சம்பந்தியம்மா ஒரு நிபந்தனை போட்டார். "நைட்டு அங்கியே தங்கப் போறீங்க. விடிஞ்சா திங்கக்கெழம. அன்னிக்கு எதுனா மாட்டுனா திரும்ப தண்ணியிலயே உட்ருங்க."

கூடாரத்துக்கு நான் பொறுப்பேற்றேன். எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் டைல்ஸ் மேஸ்திரி ஒருவர் குயிலாப்பாளையத்துக்காரர். ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்தபோது, யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன கூடாரம் அவருக்குக் கிடைத்திருந்தது. கொண்டுவந்து எங்கள் மாடியில் விரித்தார். நீல நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. உள்ளே தவழ்ந்து போய்ப் படுத்துப் பார்த்தேன். கால் வெளியே நீட்டியது.

"ரெண்டு பேரு படுக்கலாம்னியேப்பா?"

"படுக்கலாம் சார். கட்டிக்கினு படுத்தா படுக்கலாம்."

இதற்கு நடுவில் எங்கள் ஆசையைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை, இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே மாதிரி ரப்பர் உடுப்பு வாங்கி அனுப்பினார். காலணியும் பேண்ட்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும். உள்ளே இறங்கி மார்பு வரைக்கும் ஏற்றித் தோளில் பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் உள்ளே வராதாம். ஆறரை அடி ஆளுக்குத் தைத்தது போலிருந்தது. போட்டுப் பார்த்தபோது எனக்குத் தாடை வரை வந்தது. கழற்றப் போனால் பாதம் வரவில்லை. என்னைச் சோபாவில் தள்ளிவிட்டு மனைவி ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். சோபாதான் கூடவே வந்தது. சிரிப்பு தாங்காமல் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மகள் வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, உனக்கு நீச்சலே தெரியாதேப்பா!"

"முட்டியளவு தண்ணியிலதான் நிக்கப் போறோம்."

"அப்பறம் எதுக்கு கழுத்து வரைக்கும் பேண்ட்டு?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அனுப்பியது மாப்பிள்ளை. போடாமல் போனால் என்ன நினைப்பார்?

அந்த ஞாயிறும் வந்தது. மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். பிடாகம் பாலத்துக்கு மேற்கே, சம்பந்தியோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு இருந்தது. அங்கே கூடாரம் போட்டுக்கொள்ள அவர் அனுமதித்திருந்தார். தை மாதம் என்பதால் ஆற்றில் தண்ணீர் தெளிந்து, பாதி அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்த வீடியோவில் ஆற்றில் அந்த ஒரு ஆள்தான் நின்றான். இங்கே ஊரே ஆற்றில் இருந்தது. குளிக்கிறவர்கள், வண்டி கழுவுகிறவர்கள், செல்போனை நீட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள், தள்ளுவண்டியில் மசால் பொரி, வறுத்த மீன். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ரப்பர் உடுப்பில் நாங்கள் இருவரும் பொத் பொத்தென்று நடந்து வந்தோம்.

முதலில் சத்தம் அடங்கியது. பிறகு ஒருவர் ஓடிவந்தார்.

"யாரு சார் முழுகிட்டாங்க?"

"யாரும் முழுகலைங்க" என்றார் சம்பந்தி.

"ஃபயர் சர்வீஸ்தானே நீங்க? எந்தப் பக்கம் போயிருக்குது பாடி?"

நாங்கள் எவ்வளவோ சொன்னோம். தூண்டிலைக் காட்டினோம். தூண்டிலைப் போட்டுத்தான் தேடுவார்கள் போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் அவருக்கு விளக்கினார். ஒரு அம்மா தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கரை முழுக்க ஆட்கள். மசால் பொரி வண்டிகூட எங்கள் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. இனிமேல் இறங்காமல் திரும்ப முடியாது.

இறங்கினோம். நான் மைதா மாவை உருட்டித் தூண்டில் முள்ளில் குத்தி, வீடியோவில் பார்த்தபடி வீசினேன். முதல் வீச்சில் முள் என் உடுப்பின் தோள் பட்டையிலேயே மாட்டியது. இரண்டாவது தண்ணீரில் விழுந்தது. விழுந்த கொஞ்ச நேரத்தில் தக்கை முங்கியது. தூண்டில் வெடுக்கென்று கையை இழுத்தது.

மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. சம்பந்தி இன்னும் மாவைக்கூடக் குத்தவில்லை. நான் தூண்டிலைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் எதிர்க்கரையைப் பார்த்தேன்.

"சம்மந்தி, மீனு கடிக்குது! இழுங்க!"

"பரவால்லைங்க. நீங்க மொதல்ல போடுங்க."

"இன்னாங்க இது, அது இழுத்துக்கினு போவுது!"

"போவட்டுங்க. நீங்க புடிச்சப்பறம் நான் புடிக்கிறேன்."

"அய்யோ, மரியாதையெல்லாம் மீனுக்குத் தெரியுமாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவர் என் தூண்டிலைப் பிடிக்க ஓரடி முன்னால் வைத்தார். அந்த இடத்தில் எப்போதோ மணல் எடுத்த பள்ளம் இருந்தது. சம்பந்தி தாடை வரை இறங்கிவிட்டார். உடுப்புக்குள் தண்ணீர் மடமடவென்று புகுந்தது. வெளியிலிருந்து தண்ணீர் வராமல் தடுக்கிற உடுப்பு, உள்ளே வந்ததை வெளியே விடுவதாகவும் இல்லை. குடம் மாதிரி நிரம்பி அவரைக் கீழே இழுத்தது.

"யோவ்! கைய குடுய்யா!" என்று கத்தினார்.

நான் தூண்டிலை எறிந்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். "கால ஊனுய்யா! அந்தாண்ட போவாத!"

"ஊனத்தான்யா பாக்கறேன்! இழுய்யா ஜல்தி!"

"இழுக்கறன்யா! இன்னா வெயிட்டுய்யா நீ!"

கரையிலிருந்து நாலைந்து பேர் குதித்து வந்து, தோள்பட்டையைப் பிடித்து இருவரையும் மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்கள். ஃபயர் சர்வீஸ்காரர்களையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு ஒருவர் எங்களோடு செல்பி எடுத்துக்கொண்டார். வேறெதுவும் நடக்காது என்று உறுதியானதும் கூட்டம் கலைந்தது.

நாங்கள் மணலில் மல்லாந்து கிடந்தோம். உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன். கையைப் பிடித்த அந்த நேரம், கல்யாணத்துக்கு முன்னால் இந்த மனிதரை ஆற்றில் விட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவேன் என்று ஒரே ஒரு நினைப்பு ஓடியது. பக்கத்தில் சம்பந்தியின் உடுப்பிலிருந்து தண்ணீர் களக் களக்கென்று வந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிக்குங்க சம்மந்தி. யோவ்னு சொல்லிட்டேன்" என்றார்.

"நானும்தாங்க சொன்னேன்."

"நீங்க வெயிட்டுன்னும் சொன்னீங்க."

அவர் வயிறு குலுங்குவதைப் பார்த்தேன். சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நானும் ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவர் சொன்னார்.

"ஒன்னு சொன்னா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே? எனக்கு மீனு புடிக்கவே தெரியாதுங்க. நீங்க ஆசப்பட்டீங்கன்னுதான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "நான் எங்கங்க ஆசப்பட்டேன்? நீங்கதானே அந்த டிவிய அப்படிப் பாத்துக்கினு இருந்தீங்க?"

"ரிமோட்ட காணங்க. மாத்தறதுக்கு எழுந்து போனா நீங்க தப்பா நெனச்சிப்பீங்களோன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா என்று யோசித்தோம். பொழுது இருக்கும்போதே திரும்பினால் இரண்டு வீட்டிலும் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்பதால் தங்குவதென்று முடிவு செய்தோம். கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு, வேகவைத்துக் கொண்டுவந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோல் உரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். பேச்சு தானாக வந்தது. அவர் தன் அண்ணனோடு பேசாமல் இருக்கும் கதையைச் சொன்னார். எனக்குக் கடையில் உள்ள நெருக்கடியை, மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். கூடாரத்தைப் பொறுத்தவரை மேஸ்திரி சொன்னது சரிதான். ராத்திரி சம்பந்தியின் முழங்கை என் விலாவில்தான் இருந்தது.

காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. பதறிப்போய் வெளியே வந்து பார்த்தால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்காலளவுத் தண்ணீரில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார். சும்மா இருக்கட்டும் என்று போட்டுப் பார்த்தாராம். நான் பார்க்கப் பார்க்கத் தக்கை முங்கியது. சுண்டி இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை வெயிலில் துள்ளியது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுபது தாண்டிய மனிதரின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"சம்மந்தி, இன்னிக்குத் திங்கக்கெழம" என்று நினைவுபடுத்தினேன்.

மனசே இல்லாமல் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். அது போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்திக்குப் பிடித்த பைத்தியம் மட்டும் தெளியவில்லை. இப்போது அவரிடம் மூன்று தூண்டில்கள் இருக்கின்றன. தக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், "ஜல்தி வாங்க, நல்லா ஓடுது தண்ணி" என்று போன் வந்துவிடும். போகாவிட்டால் கோபித்துக்கொள்வார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடும் பேப்பரோடும் போய்க் கரையில் உட்காருவேன். மண்புழு டப்பாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

போன வாரம் வீசிய வீச்சில் முள் அவர் சட்டை முதுகிலேயே மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை நான் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எடுத்துவருவதற்குள் பெரிய மீன் ஒன்று போய்விட்டதாம். திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"கல்யாணத்துல வராத சம்மந்தி சண்ட இப்ப வருதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, சமாதானம் பேச சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். லைன் பிஸியாக இருந்தது. சம்பந்தியம்மா அதே நேரத்தில் இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.