பாக்கெட்டில் இருந்த ஃபியூஸ் கட்டை

பேக்கரி அக்கா தன் வீட்டு ஃபியூஸ் போர்டைத் தொட மாட்டாள். வயர்மேன் பெண்டாட்டிக்கே கரன்ட் என்றால் பயமாம் என்று தெருவில் கேலி உண்டு. அவளும் சிரித்துவிட்டுப் போவாள். பேக்கரியில் சூடு ஆறாத ரொட்டிகளை உறையில் போட்டு அடுக்குவது அவள் வேலை. அந்தச் சூட்டுக்கு அஞ்சாத கை, வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒரு மரப்பலகைக்கு அஞ்சியது. கணவர் வெளியே போயிருக்கும்போது ஃபியூஸ் போனால், அவர் வரும்வரை வீடு அப்படியே கிடக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் இப்படி இல்லை. கணவருக்கு உதவியாகக் கூடவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய தம்பி, முதல் வாரத்திலேயே அவளைப் பலகை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"பயப்படாதீங்க அண்ணி. எரிஞ்ச கம்பியை எடுத்துட்டுப் புதுசு சுத்தி, கட்டையை அழுத்தினா போதும். ரொட்டியை அமுக்கற மாதிரி அமுக்கிடாதீங்க, போர்டு கையோட வந்துடும்."

அவள் கற்றுக்கொண்டாள். அந்தப் பீங்கான் கட்டையை அழுத்தியதும் வீடு முழுக்க வெளிச்சம் வருவதில் அவளுக்குச் சின்னதாக ஒரு கர்வம்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் வேலையிலிருந்து வந்தவள், கட்டை கழன்று பலகையின் மேல் இருப்பதைப் பார்த்தாள். கம்பி மாற்றிவிட்டுப் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, எடுத்து அழுத்தினாள். சாத்தியிருந்த முன்னறைக்குள் கொழுந்தன் ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ஏணி சாயும் சத்தம்தான் கேட்டது. அவள் கதவைத் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விபத்து என்றார்கள். கணவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே வேலை செய்தாலும், தன் வீட்டிலும்கூட, கட்டையைக் கழற்றியதும் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை வெளியே எடுக்க மாட்டார். துவைக்கும்போது அந்தப் பாக்கெட் தொங்கிப்போயிருப்பதை அவள் பார்ப்பாள். நல்ல பழக்கம்தான், எல்லா வயர்மேனும் செய்ய வேண்டியதுதான். ஆனால் இந்த வீட்டுக்குள் யாரிடமிருந்து அதை ஒளித்துவைக்கிறார்? அந்தக் கேள்வியைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து உதறிவிட்டு எழுந்துவிடுவாள். அடுத்த சட்டையோடு அது மறுபடி வரும்.

முன்னறையில் மின்விசிறி மாட்டவே இல்லை. கூரையில் கொக்கி மட்டும் இருந்தது.

ஊரில் வீட்டுக்கு வீடு ஃபியூஸை எடுத்துவிட்டு, கம்பி எரியாமல் தானே விழுந்து கரன்டை நிறுத்தும் பிரேக்கர் சுவிட்ச் போட்டார்கள். அந்தத் தெருவில் முக்கால்வாசி அவர் போட்டதுதான்.

"ஊருக்கெல்லாம் பிரேக்கர், உங்க வீட்டுக்கு மட்டும் கம்பியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி குத்திக்காட்டினாள். கணவரிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். அதற்கு கரன்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆள் வந்து பார்ப்பான், வீண் அலைச்சல்.

மகள் கைக்குழந்தையோடு வந்திருந்த சமயம், வெயில் ஏறிய நேரத்தில் ஃபியூஸ் போனது. குழந்தை வேர்த்து அழுதது. மகள் பொறுமையிழந்து, கம்பியைத் தேடி எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனாள். அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. என்னம்மா இது, என்று மகள் கேட்டாள். சித்தப்பா கரன்ட் அடித்துச் செத்தது மகளுக்குத் தெரியும். கட்டையைப் போட்டது யார் என்பது தெரியாது. அம்மா அவள் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேராக கரன்ட் ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா பொறுமையாகவே விளக்கினார். மீட்டர் சீலைத் தொடாமல், லோடு கூட்டாமல், வீட்டுக்குள்ளே ஃபியூஸை எடுத்துவிட்டு பிரேக்கர் வைப்பதற்கு யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் உள்ளவர் செய்தால் போதும். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், உங்கள் வீட்டுக்காரரே வயர்மேன்தானே, அவரைக் கேட்டிருக்கலாமே என்று. அவளுக்கு முகம் எரிந்தது.

சாயங்காலம் அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். "ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாமாம்."

"தெரியும்," என்றார்.

"அப்புறம் ஏங்க? என் கையை நம்பலை. அதானே?"

அவர் காலியாக இருந்த சட்டைப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிரேக்கரைப் பாக்கெட்ல போட முடியாது," என்றார். "யார் வேணா ஒரு விரலால தூக்கிவிட்டுடலாம். கட்டை என்கிட்ட இருந்தா, எனக்கு என்ன ஆனாலும் அது உன்னாலன்னு யாரும் சொல்ல முடியாது. நீயும் சொல்லிக்க முடியாது. ஒரு தடவை சுமந்தது போதாதா உனக்கு?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்தப் பாக்கெட்டைத் துவைத்தும் அதற்குள் இருந்தது தெரியவில்லையே என்று இருந்தது. இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் கோபமும் வந்தது. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "வாங்கிட்டு வாங்க," என்றாள். "நான் நிக்கறேன்."

அடுத்த விடுமுறை நாளில் மரப்பலகை இறங்கி, பிரேக்கர் பெட்டி ஏறியது. பிறகு அவர் பிரேக்கரை இறக்கி கரன்டை நிறுத்திவிட்டு, ஏணியையும் புது மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். கதவைத் திறந்தே வைத்தார். அவள் பெட்டிக்குக் கீழே சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். உள்ளே குழந்தை அழுதது. கரன்ட் எப்போது வரும் என்று மகள் கேட்டாள். அப்பா வெளியே வரட்டும் என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்ன காவலா என்றாள். ஆமாம் என்றாள்.

அவர் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. "போடு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அவள் கை எழவில்லை.

"வெளிய வாங்க," என்றாள். "வந்து ரெண்டு கையையும் காட்டுங்க."

அவர் வாசலுக்கு வந்தார். சிரிக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினார். அவற்றைப் பார்த்துக்கொண்டே அவள் விரலை மேலே கொண்டுபோனாள்.