மாதாவோடு பேச்சில்லை

ஏரல் பஸ் ஸ்டாண்டு. காலியான கருவாட்டுக் கூடையைக் காலருகே வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார் ரோசம்மாள் அக்கா. கடற்கரை ஊர்க் கத்தோலிக்கர். என் கையில் கேள்வித்தாள். பல நாடுகளில், பல மொழிகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு இறையனுபவத்தை அளக்கும் ஓர் ஆய்வு. தமிழில் கேட்பது என் வேலை.

"கடவுள் பக்கத்துல இருக்கிறதா உணர்றீங்களா? எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை. மூணுல ஒண்ணு சொல்லுங்கக்கா."

"நானும் மாதாவும் இப்பம் பேசுததில்ல சார்."

"ஏங்க்கா?"

"கடலுக்குப் போன எம் மவன் திரும்பல. தெனமும் மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துதேன், மூஞ்சியப் பாக்க மாட்டேன். கோவத்துல புருசனுக்குச் சோறு போடுத மாதிரிதான்."

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"நீங்க ஒங்களுக்கு எதுல டிக் போட்டிய?" என்கிறார் அக்கா.

"ஒருபோதும் இல்லை."

"ஒங்களுக்கும் சண்டையா?"

குரலில் அத்தனை பரிவு. ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் சண்டை போடவாவது எனக்கு அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டுமே.